அகத்தியர் மலையில் வழி காட்டுகிறவர்கள்

பொதிகைக்குப் போகிறவர்கள் அகத்தியரைத் தேடித்தான் போகிறார்கள். அந்த மலைக்காட்டுப் பழங்குடிகளான காணிக்காரர்களைத் தேடி யாரும் போவதில்லை. மூட்டை தூக்க, வழி காட்ட, கஞ்சி காய்ச்ச, யானை நிற்கிற இடத்தை முன்கூட்டியே சொல்ல அவர்கள் வேண்டும். ஞானத்துக்கு மட்டும் உச்சியில் இருக்கிற கற்சிலை. அந்தக் காட்டிலேயே பிறந்து, அகத்தியர்தான் எங்கள் குலகுரு என்று சொல்லிக்கொண்டு கூடவே நடந்து வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றுவதே இல்லை.

எனக்கும் நெடுநாள் அப்படித் தோன்றியதில்லை. நான் அம்பாசமுத்திரத்துப் பக்கம் பிறந்தவள். வடக்கே சிவபெருமான் கல்யாணத்துக்கு உலகமே திரண்டுபோய் பூமி ஒரு பக்கம் சாய்ந்தது, அதைச் சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள், அவருக்குப் பாபநாசத்தில் திருமணக் காட்சி கிடைத்தது என்ற கதை எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அப்பா பொதிகைக்குப் போய் வந்தவர். அப்போது தமிழ்நாட்டுப் பக்கமிருந்தே வழி இருந்தது. காரையாறு அணையில் படகேறி, பாணதீர்த்தம் தாண்டி, கன்னிகட்டி, தாமிரபரணி பிறக்கும் பூங்குளம், சங்குமுத்திரை என்று அவர் வரிசையாகச் சொல்லும்போது பஸ் ரூட் சொல்வது போலிருக்கும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகும் அந்தப் பாதையைப் பிற்பாடு மூடிவிட்டார்கள். மூடியது நல்லதுதான் என்பது என் கட்சி. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டத்தையும், பாபநாசத்தில் தோஷம் கழிகிறது என்று ஆற்றில் விட்டுப்போகும் துணிகளையும் பார்த்தவர்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இருக்கும் வழி கேரளத்துப் பக்கம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் போணக்காடு என்ற பழைய தேயிலைத் தோட்டத்திலிருந்து தொடங்குகிறது. ஜனவரி நடுவிலிருந்து சிவராத்திரியை ஒட்டிய நாட்கள் வரைதான் அனுமதி. கேரள வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு திறந்ததும் இடங்கள் பறந்துவிடும். 2018 வரை எனக்கு அந்தக் கவலையும் இல்லை, ஏனென்றால் பெண்களை விடமாட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் ஆண், பெண் என்று பார்க்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2019 ஜனவரியில் பெண்கள் ஏறத் தொடங்கினார்கள். எதிர்ப்புத் தெரிவித்துப் போணக்காட்டில் கூடி உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? காணிக்காரர்கள். எங்கள் தெய்வம் பிரம்மச்சாரி, பெண்கள் அங்கே போவது வழக்கமில்லை என்றார்கள்.

ஆக, நான் யாரிடம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டேனோ அவர்களில் ஒரு பகுதியினர் நான் வருவதை விரும்பாதவர்கள். இதை மறைத்துவிட்டுப் பழங்குடி ஞானம் பற்றி உருக்கமாக எழுத எனக்கு மனமில்லை. தீர்ப்பு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர்களுடைய வருத்தம் போலி இல்லை என்றும் நினைக்கிறேன். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

கூட வந்தவர் முப்பதை எட்டாத காணிப் பையன். மலைக்கு வருகிறவர்களை அழைத்துச் செல்ல வனத்துறையோடு சேர்ந்து இயங்கும் சூழல் மேம்பாட்டுக் குழுவில் இருக்கிறார். அவர் பேசுவது தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாத பேச்சு. எனக்கு முக்கால்வாசி புரிந்தது. முதல் ஆற்றைக் கடந்ததும் நேரடியாகவே கேட்டுவிட்டேன். பெண்கள் வருவதில் உங்களுக்கு வருத்தமா?

"சேச்சி வந்தா எனக்குக் கூலி. அப்பூப்பனுக்குத்தான் விஷமம்."

அப்பூப்பன் என்றால் தாத்தா, விஷமம் என்றால் வருத்தம். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை.

பாதையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, இணையத்தில் வேண்டிய அளவுக்கு வீடியோ இருக்கிறது. கரமனையாறு, வாழப்பெய்ந்தியாறு, அட்டையாறு என்று வரிசையாக ஆறுகள். பிறகு வெயில் மண்டையைப் பிளக்கும் புல்வெளி, ஏழுமடக்குத்தேரி. அதற்குப் பிறகு முட்டிடிச்சான் தேரி. அந்த ஏற்றத்தில் முழங்கால் நெஞ்சில் இடிப்பதை அனுபவித்தால் பேர் வைத்தவரைக் கும்பிடத் தோன்றும். ராத்திரி அதிருமலை முகாமில் கஞ்சியும் பயறும். மறுநாள் பொங்காலப்பாறை வழியாக, சில இடங்களில் கயிறு பிடித்து, 1,868 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் பசுமைமாறா மழைக்காடு. வெளியே உச்சிப்பொழுதாக இருக்கும்போது உள்ளே சாயங்காலம் போல இருட்டு, இலை மக்கிய வாசனை, கணுக்காலில் அட்டை. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தபோது, இங்கே 2,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இருப்பதையும் அவற்றில் சுமார் 400 இந்த வட்டாரத்துக்கே உரியவை என்பதையும் குறித்திருக்கிறார்கள். மூலிகைக்கு மலைக்குப் போ என்று சித்த வைத்தியர்கள் சொன்னது சும்மா இல்லை.

ஓரிடத்தில் ஈற்றல் புதர். மூங்கிலுக்குத் தங்கை மாதிரி மெல்லியதாக, ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும். காணிகள் குடிசை வேய்வதும் கூடை முடைவதும் அதில்தான், யானைக்கும் அது பிடித்த தீனி. வழிகாட்டி சட்டென்று நின்று உள்ளங்கையைப் பின்னால் காட்டினார். நாங்களும் நின்றோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கேட்கவில்லை. ஒரு ஈற்றல் தண்டை அவர் கண்ணால் காட்டினார். முறிந்த இடத்தில் நீர் இன்னும் துளித்துக்கொண்டிருந்தது. கடித்து இழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

"இரி. மிண்டாதே."

உட்கார்ந்தோம். எங்கள் குழுவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே மந்திரம் சொல்ல ஆரம்பித்தவர், அவ்வளவு நேரமும் வாய் ஓயவில்லை, அவரும் நிறுத்திவிட்டார். காலில் ஏறும் அட்டையை உதறக்கூட யாரும் அசையவில்லை. வெகுநேரம் கழித்துத் தொலைவில் மரம் ஒடிகிற சத்தம். வழிகாட்டி எழுந்து, வந்த பாதையை விட்டு மேல்பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போனார். யானை எந்தப் பக்கம் இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "அது போட்டு" என்றார். போகட்டும், விடுங்கள் என்பது போல.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கோயம்புத்தூர்க்காரருக்குப் பிடிக்கவில்லை. இவர்களுக்கு எல்லாம் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றார். சித்தர் மரபே அழிந்துபோனது இந்த மறைப்பினால்தான் என்று அவருக்கு ஒரு கொள்கை உண்டு. முகாமில் படுத்தபடி ராத்திரி இதைப் பற்றி நிறையப் பேசினோம். சொன்ன ஒரு தடவை என்ன ஆயிற்று என்று அவருக்கு நான் சொன்னேன். அதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பொதிகைக்கு ஞானம் தேடிப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

1987இல் தாவர ஆய்வாளர்கள் சிலர் இதே மலையில் ஏறினார்கள். பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுக்கும் அனைத்திந்தியத் திட்டம் ஒன்றின் வேலை. அதற்குத் தலைமை தாங்கியவர் புஷ்பாங்கதன். வழிகாட்டிகளாக வந்த காணிகள் நடக்கும்போது ஏதோ சின்னச் சின்னக் காய்களை மென்றுகொண்டே வந்தார்கள். விஞ்ஞானிகள் நாக்குத் தள்ளி உட்கார்ந்த இடத்தில் அவர்களுக்குக் களைப்பே இல்லை. கேட்டு வாங்கித் தின்றுபார்த்தால் இவர்களுக்கும் உடம்பில் தெம்பு வந்தது. அது என்ன செடி என்று கேட்டபோது காணிகள் தயங்கினார்கள். வெளியாட்களுக்குச் சொல்லக் கூடாத விஷயம் என்றார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி சொல்லி, வற்புறுத்திய பிறகு காட்டிக்கொடுத்தார்கள். ஆரோக்கியப்பச்சை. தாவரவியல் பெயர் ட்ரைகோபஸ் ஜெய்லானிகஸ், அதில் திருவிதாங்கூர் வகை. ஓடையோரத்து நிழலில் தரையை ஒட்டி வளரும் சிறு செடி.

பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தில் அதை ஆராய்ந்து, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை: காணிகள் தின்றது காயை, மருந்துக்கு எடுத்தது இலையை. 1995இல் கோயம்புத்தூரின் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் உரிமத்தொகை. வருவதில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. அதைப் பெற 1997இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவானது. உயிரினப் பன்மயச் சட்டம் என்ற ஒன்றே 2002இல்தான் வந்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தில் பாதியைக் கொடுத்தார்கள் என்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உலகமே பாராட்டியது. 2002இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் புஷ்பாங்கதனுக்கு ஐ.நா. விருது கிடைத்தது. பலன் பகிர்வு பற்றிய கருத்தரங்குகளில் இன்றும் முதல் உதாரணம் இதுதான்.

கருத்தரங்குகளில் அதிகம் பேசப்படாத பாதி வேறு. மருந்தும் மந்திரமும் தெரிந்த காணிப் பெரியவர்களை பிலாத்தி என்பார்கள். ஒன்பது பிலாத்திகள் 1995இலேயே கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்கிறார்கள், எங்களுக்கு இதில் சம்மதமில்லை என்று. செடியைக் காட்டியவர்கள் ஒரு பக்கத்து ஊர்க்காரர்கள். மற்ற ஊர்க் காணிகளைக் கேட்கவே இல்லை. யார் அனுமதி தருவது, ஒரு ஊர் தந்தால் எல்லோரும் தந்ததாகுமா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. செடியைக் காணிகளே பயிரிட்டு விற்கலாம் என்ற திட்டம் வனத்துறையின் மறுப்பில் முட்டி நின்றது. காட்டிலிருந்து மொத்தமாகப் பிடுங்கிவிடுவார்கள் என்று வனத்துறைக்குப் பயம். காட்டுக்கு வெளியே நட்டால் செடி வரும், அதன் குணம் வராது என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். இடையில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஜீவனி என்ற பெயரையே தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது.

அமேசானிலும் இதே கதைதான். அங்கே பூசாரிகள் சடங்கில் பயன்படுத்தும் அயாவாஸ்கா கொடியின் ஒரு வகைக்கு 1986இல் ஒரு அமெரிக்கர் காப்புரிமை வாங்கிவிட்டார். பழங்குடி அமைப்புகள் போராடி 1999இல் அதை ரத்து செய்ய வைத்தன. 2001இல் திரும்பவும் செல்லும் என்றார்கள். இன்று பெருவின் இக்கிட்டோஸ் நகரத்தைச் சுற்றி ஆன்மிகப் பயணிகளுக்கென்றே விடுதிகள். சென்னையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் போய்வந்து, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். காட்டில் யாருடைய வீட்டில் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தெரியவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நாம எதுக்குத்தான் வந்தோம்?" என்றார். நியாயமான கேள்வி.

மறுநாள் உச்சியில் சிலைக்கு முன்னால் நின்றேன். பூஜைப் பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று வனத்துறைக் கட்டுப்பாடு. அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. காற்று ஆளைத் தள்ளியது. அப்பா எந்தப் பக்கமிருந்து ஏறி வந்திருப்பார் என்று கிழக்கே பார்த்தேன். மேகம், ஒன்றும் தெரியவில்லை. மெய்சிலிர்ப்பு என்று சொல்லும்படி எதுவும் எனக்கு நடக்கவில்லை. அங்கே எனக்கு ஞாபகம் வந்தது 11ஆம் நூற்றாண்டின் இலக்கண நூலான வீரசோழியம். அகத்தியன் பௌத்தர்களின் போதிசத்துவரான அவலோகிதனிடம் தமிழ் கேட்டான் என்று அதில் வருகிறது. பௌத்தர்களுக்கு இந்த மலை அவலோகிதர் இருந்த போதலகம் என்று ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள். அது எப்படியோ, நாம் தேடிப்போகிற குருவும் இங்கே இன்னொருவர் காலடியில் உட்கார்ந்து கேட்டவர்தான். அவருக்கு யார் என்ன சொல்ல மறுத்தார்கள் என்பதற்குப் பாட்டு இல்லை.

இறங்கியதும் வழிகாட்டியின் உறவுக்காரர் ஒருவர் வழியாகக் கன்னியாகுமரி மாவட்டத்துக் காணிக்குடி ஒன்றுக்குப் போனேன். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால், படகில் போக வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். வில்லும் அம்பும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கான்கிரீட் வீடுகள், ரப்பர் மரங்களில் சிரட்டை, முற்றத்தில் காய்கிற ரப்பர் ஷீட், மரச்சீனிக் கிழங்கு, மிளகுக் கொடி, டிஷ் ஆன்டெனா. காலையில் பால் வெட்டிவிட்டு வந்த பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து விரல்களில் ஒட்டிய ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் பிலாத்தி. ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி வேறொருவர்.

கட்டன்சாயா வந்தது. சாற்றுப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். நோய் வந்தவரை உட்கார்த்தி வைத்துக் கொக்கரை இழைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பாடுவது. அவர் உள்ளே போய்க் கொக்கரையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். இரும்புத் தகட்டைச் சுருட்டிச் செய்த குழல், விளிம்பில் அரம் மாதிரிப் பல், சங்கிலியில் கோர்த்த ஒரு சின்னக் கம்பி. கம்பியால் பல்லை உரசினால் கரகரவென்று தாளம் வரும். எவ்வளவோ கை பட்டுப் பட்டு இரும்பு வழுவழுவென்றிருந்தது. நான் உரசிப் பார்க்கவில்லை. கொஞ்சம் பாடிக் காட்டுவீர்களா ஐயா என்று மட்டும் கேட்டேன்.

"சும்மா பாட ஒக்காது மக்களே. ஆளு படுத்திருக்கணும்."

யாருக்காவது நோய் வந்தால்தான் பாட்டு. பதிவு செய்ய வந்தவர்களுக்குப் பாடியதுண்டா என்றேன். சிரித்தார். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்கு வேறு பாட்டு இருக்கிறது, அதைப் பாடி அனுப்பிவிடுவேன் என்றார். எந்தப் பாட்டு எந்த ஆய்வேட்டில் என்னவாகப் பதிவாகியிருக்கிறதோ தெரியாது! நான் மலைக்குப் போய் வந்ததைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. "போனது போச்சு" என்றார். பிறகு, "கால் வலிச்சுதா?" வலித்தது என்றேன். "வலிக்கட்டும்."

நான் கேட்டதெல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியும் அல்லவா, ஒரு பேப்பர் இருக்கிறது, வாசித்துச் சொல்ல முடியுமா என்று. அக்காள் மகன் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, உழுது வந்த நிலத்துக்கு அந்த மருமகன் போட்டிருக்கும் உரிமைக் கோரிக்கை. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலம் கையில் இருந்தது என்று காட்ட வேண்டும். பட்டா கிடையாது, வரி ரசீது கிடையாது. ஆனால் இந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கோரிக்கை போடுகிறவரைத் தவிர்த்த மூத்தவர்கள் வாயால் சொல்வதை எழுதிக் கொடுத்தால் அதுவும் சான்று. கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் ஆகியவையும் சான்று. தாய்மாமனின் வாக்குமூலம்தான் வேண்டியிருந்தது.

பெரியவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வடக்கே ஓடை. மேற்கே பாறை. தன் தகப்பன் நட்ட பலா, அதற்கு எவ்வளவு வயது இருக்கும் என்று இருவரும் வாதாடினார்கள். எந்த ஆண்டு என்று நான் கேட்டால் பெரிய மழை, யானை வந்து கிழங்குக் காட்டை அழித்தது, தனக்குக் கல்யாணம் என்று கணக்கு வரும். அதை ஆண்டாக மாற்றி எழுத வேண்டும். நிலத்துக்கு மேற்பக்கம் ஒரு மரத்தடியில் அவர்கள் தெய்வத்துக்குக் கொடுக்கும் இடம் இருப்பதை மருமகன் சொன்னார். நானும் எழுதிவிட்டேன். நல்ல சான்று, எந்தக் கிராம சபையும் மறுக்க முடியாது.

முழுவதையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பெரியவர் அந்த வரி வந்ததும் கையைக் காட்டினார்.

"அதை எழுதண்டாம்."

மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அலைகிறேன், இருக்கிற ஒரே பலமான சாட்சியை வேண்டாம் என்றால் எதை வைத்து நிரூபிப்பது என்றார். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. பேப்பரில் ஏறினால் பார்க்க வருவார்கள், பார்த்தால் போட்டோ எடுப்பார்கள், அப்புறம் அங்கே ஒரு போர்டு வைப்பார்கள் என்றார். மருமகன் என்னைப் பார்த்தார், சட்டம் தெரிந்தவள் சொல்லட்டும் என்று. சட்டப்படி இரண்டு சான்று இருந்தால் போதும், மாமா சொன்னது ஒன்று, கிணறு இன்னொன்று, இதை எடுத்துவிட்டாலும் கோரிக்கை நிற்கும் என்று சொன்னேன். எடுக்காமல் இருந்தால் இன்னும் பலம் என்பதையும் சொன்னேன். இருவரும் அவர்கள் பேச்சில் நெடுநேரம் பேசிக்கொண்டார்கள். எனக்கு முழுதாகப் புரியவில்லை.

கடைசியில் மருமகனே சரி, விடுங்கள் என்றார். அந்தத் தாளைப் பெரியவர் வாங்கி மடித்து அடுப்பில் போட்டார். புதுத் தாளில் ஓடை, பாறை, பலா, கிணறு என்று முதலிலிருந்து எழுதினேன். கடைசிப் படகு போய்விட்டதால் ராத்திரி அங்கேயே சாப்பாடு. மரச்சீனியும் மீன் குழம்பும்.